மூட்டையை எண்ணாத சாலை

மார்ச் 4
இன்று நாற்பத்திரண்டு மூட்டை தைத்தேன். விரல் எரிகிறது. சாக்கு நிறைந்த பிறகும் உருளைக்கிழங்கைக் கூம்பாக அடுக்கி, வலை போட்டுத் தைத்தால் அது லும்பேசி. நைரோபியில் விலை மூட்டைக்குத்தான், எடைக்கு இல்லை. பள்ளியை விட்ட பிறகு எனக்குத் தெரிந்த வேலை இதுதான். என் தையல் அவிழாது.

மார்ச் 6
சந்தையில் பிரியும் மூட்டைகளைத் தைக்க அப்பாவோடு லாரியில் போனேன். நெடுஞ்சாலையில், தாருக்குள் குறுக்கே இரண்டு மெல்லிய கோடுகள். "ரோட்டுக்குள்ள தராசு வச்சிருக்கான், வாயாடி" என்றார் அப்பா. நான் பேசாததால் கேலியாக அப்படித்தான் கூப்பிடுவார். லாரி நிற்கவே இல்லை. டக், டக், டக் — மூன்று அச்சும் கடந்தன. சற்றுத் தள்ளி ஒரு கறுப்புப் பலகை விழித்துக்கொண்டது. எங்கள் லாரி எண்! எடை நிலையத்துக்குள் திரும்பச் சொல்லி அம்பு!

யாரும் எங்களைத் தொடவில்லை. சாலைக்கு எப்படித் தெரிந்தது?

"நூத்திப்பத்து மூட்டைதான், மேடம். கணக்கு சரியா இருக்கு" என்றார் அப்பா.

எடை நிலையத்து அதிகாரி அம்மா சிரித்தார். "அந்த ரோடு மூட்டைய எண்ணாதுங்க."

அவர் நீட்டிய சீட்டில் மூன்று அச்சின் எடையும் தனித்தனியாக. அதிகப்படியானதை இறக்கினால்தான் விடுவார்களாம். என் தையலை நானே அறுத்தேன். கிழங்குகள் உருண்டன.

மார்ச் 7
லாரி முதலாளி கிதைகா வாசலில் நின்று கத்தினார். "இன்னொரு தடவ மாட்டினே, சாவியக் குடுத்துட்டு ஆடு மேய்க்கப் போ!" கூம்பு வைக்கச் சொன்னதே அவர்தானே? அப்பா தலை குனிந்தே நின்றார். நான் கதவுக்குப் பின்னால். நான் ஏன் அதைக் கேட்கவில்லை? ஏன் —

மார்ச் 10
கண்ணை மூடினால் அந்தக் கோடுகள்தான். மழை, புழுதி, ஆயிரம் சக்கரம். எல்லாவற்றின் கீழும் படுத்துக்கொண்டு ஒரு கிழங்கைக்கூட விடாமல் உணர்கிறதே!

மார்ச் 12
எல்லா மூட்டையையும் கூம்பு இல்லாமல், சாக்கின் விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தட்டையாகத் தைத்தேன். கிதைகா வந்து பார்த்தார்.

"கூம்பு எங்கடி?"

ஊசியை மூட்டையில் குத்தி நிறுத்தினேன். "அந்த ரோடு மூட்டைய எண்ணாது, முதலாளி. நம்பலன்னா நீங்களே வந்து பாருங்க."

நானா சொன்னேன்?

மார்ச் 13
டக், டக், டக்.

பலகை கறுப்பாகவே இருந்தது. அப்பா ஸ்டியரிங்கை ஒரு தட்டுத் தட்டினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிதைகா திரும்பித் திரும்பி அந்தப் பலகையைப் பார்த்தார். சந்தை வரை நான்தான் பேசிக்கொண்டே வந்தேன்.