நாச்சியம்மாள் பார்த்துத்தான் நடந்தார்

ஜூன் 11, 2024
ஞாயிறன்று உடுமலையில் அக்கா மகளுக்கு வளைகாப்பு. அக்கா நாளைக்குப் பட்டு எடுக்கப் போகிறாளாம். ஆபீசில் ஆடிட், தலைக்கு மேல் வேலை.

ஜூன் 12
காலை பத்து மணி, ஆர்.எஸ்.புரம். அக்கா இரண்டு புடவையைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். கார் ஓட்டிக்கொண்டே போனில் 'பச்சை' என்று அடித்தேன். நிமிர்ந்தால் ஜீப்ரா கோட்டில் ஒரு அம்மா. பிரேக்கை மிதிச்சேன். மிதிச்சும் —

பேர் நாச்சியம்மாள். அறுபது வயதிருக்கும். ஒரு கிளினிக்கில் கூட்டித் துடைக்கும் வேலை. வலது கால் முறிந்துவிட்டது. நானே ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். போலீஸ்காரரிடம், "திடீர்னு குறுக்கே வந்துட்டாங்க" என்றேன்.

எப்படி வாயில் வந்தது?

ஜூன் 13
என் வீட்டுக்காரரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். "போன் பாத்தியான்னு யாரும் கேக்கலையில்ல? விடு சைத்ரா" என்றார்.

ஜூன் 15
பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாந்தானுங்க அம்மணி, பாக்காம வந்துபோட்டேன். உங்குளுக்குத்தான் செரமம்" என்கிறார். மகன் மனோஜ்குமார், "ரோட்டப் பாத்து நடக்கத் தெரியாதாம்மா உனக்கு?" என்று அவரைத் திட்டினார். நான் பழத்தை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 16
வளைகாப்புக்குப் போகவில்லை.

ஜூலை 8
நாச்சியம்மாள் வீட்டுக்குப் போனேன். மகன் கண் டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கிறார். ஒரு குறையும் இல்லையாம்.

"கண்ணு நல்லாத்தான் இருக்குதாமுங்க. அப்பறம் எப்படிங்க காரு எனக்குத் தெரியாமப் போச்சு? புத்திதான் பெசகிப்போச்சுங்களா?"

மகன் இனி வேலைக்கும் அனுப்ப மாட்டாராம், தனியாக வெளியிலும் விட மாட்டாராம்.

ஒரு மனுசியா நான்?

ஜூலை 9
சொல்லிவிட்டேன். "நீங்க பாத்துத்தான் வந்தீங்க. நாந்தான் போனைப் பாத்துட்டிருந்தேன்."

நாச்சியம்மாள் தன் காலைப் பார்த்தார். பிறகு, "இதைய அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்க" என்றார். அம்மணி என்று கூப்பிடவில்லை. மனோஜ்குமார் எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.

நேராக ஸ்டேஷனுக்குப் போய், முதலில் சொன்னது பொய் என்று எழுதிக்கொடுத்தேன். வீட்டில் இவர் பேசுவதில்லை.

நவம்பர் 18
கேஸ் நடக்கிறது. கார் எடுப்பதில்லை, பஸ்தான்.

காலையில் பஸ் ஸ்டாப்பிலிருந்து பார்த்தேன். எதிர்ப்பக்கம் நாச்சியம்மாள், கையில் டிபன் தூக்கு. தனியாகத்தான் வந்திருந்தார். காலைக் கொஞ்சம் சாய்த்து நடக்கிறார். ஒரு கார் நின்று வழிவிட்டது. அவர் ரோட்டில் இறங்கவில்லை, காரைப் போகச் சொல்லிக் கை காட்டினார். அடுத்த கார் நின்றது. அதையும் அனுப்பினார்.

ரோடு முழுக்கக் காலியான பிறகுதான் காலெடுத்து வைத்தார்.