வேதியியல் சார் அனுப்பிய வீடியோ

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், அவருடைய மூட்டுவலியும் சுகமாகத்தான் இருக்கிறது. நீ சுகம் என்பதை உன் தம்பி சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன், அவனுக்காவது போன் செய்கிறாயே, சந்தோஷம். ரிட்டயர் ஆன பிறகும் எதற்கம்மா இந்த அலைச்சல் என்று கேட்டாய் இல்லையா, எனக்கே இப்போது அதுதான் தோன்றுகிறது. போனில் வருகிற பொய்யை நம்பி வெறுப்புக் கூட்டங்களில் போய் விழுகிற பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது என்று வாத்தியார்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறேன், அவர்களோ டீ எப்போது வரும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

போன வாரம் ஒரு பள்ளிக்கூடத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினார் வேதியியல் சார். சாப்பாட்டு இடைவேளையில் அதே மனிதர் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார். புதிதாகக் குடிவந்தவர்கள் தெருமுனையில் ரொட்டிக்கடை வைத்திருக்கிறார்களே, அவர்கள் மாவில் மருந்து கலக்கிறார்களாம், சாப்பிட்டால் பிற்காலத்தில் குழந்தையே பிறக்காதாம். மறுநாள் சாயங்காலம் மூன்று பிள்ளைகள் கல்லெறிந்து கடைக் கண்ணாடியை உடைத்துவிட்டார்கள், உள்ளே நின்ற கடைக்காரர் மனைவிக்குக் கையில் தையல். முதல் கல்லை எறிந்தது வகுப்புத் தலைவி, அதிர்ந்து பேசாத பெண்.

தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு நீங்கதானே பயிற்சி கொடுத்தீங்க என்கிறார், கல்லை நான் எடுத்துக் கொடுத்த மாதிரி. மூன்று பேருக்கும் டி.சி. கொடுத்து அனுப்பிடலாம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். வெளியே தள்ளினால் அந்தக் கூட்டம் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளும் என்று பயிற்சியில் தொண்டை வறளச் சொன்னேனே, எல்லாம் காற்றோடு போயிற்று. நான் அந்தப் பெண்ணை உட்காரவைத்து இதை எங்கே பார்த்தாய் என்று மட்டும் கேட்டேன். எங்க சார்தான் அனுப்பினாரு, அவரே அனுப்பினா பொய்யா இருக்குமா என்றாள். வீடியோவைத் தேடிப் பார்த்தால் அது ரொட்டிக்கடையே இல்லை, எங்கேயோ சோப்புத்தூள் செய்கிற இடம். வேதியியல் படித்த மனுஷனுக்கு அதுகூடவா தெரியாது, தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அவர் நழுவவில்லை. மறுநாள் வகுப்பில் நின்று, நான் சரிபார்க்காம அனுப்பிட்டேன், தப்பு என்னுடையது என்றார். அந்தப் பெண் எழுந்து, அப்போ அந்த அக்கா கைக்கு யார் சார் பதில் சொல்றது என்று கேட்டாள். உடனே சார் மூன்று பேரையும் அழைத்துக்கொண்டு கடைக்கு நடந்தார், நானும் பின்னாலேயே போனேன். கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், அவரைக் குறை சொல்ல முடியாது. கட்டுப்போட்ட கையோடு அவர் மனைவிதான் வெளியே வந்து, அந்தப் பெண்ணிடம், நீ எங்க ரொட்டியைச் சாப்பிட்டிருக்கியாம்மா என்று கேட்டார். தினமும் என்றாள். அதற்குமேல் அவளால் நிற்க முடியவில்லை, அப்படியே படியில் உட்கார்ந்து அழுதாள். மன்னித்தேன் என்று அந்தம்மா சொல்லவில்லை. உள்ளே போகவும் இல்லை, அவள் அழுது முடிகிறவரை பக்கத்திலேயே நின்றார்.

புதுக் கண்ணாடி மாட்டியாயிற்று, சார்தான் ஆள் வைத்து மாட்டினார். வீடியோ மட்டும் இன்னும் ஊர் சுற்றுகிறது, இன்று காலை உன் சித்தப்பா எனக்கே அனுப்பி, ஜாக்கிரதை அண்ணி என்று எழுதியிருக்கிறார். நான் சொன்னால் சண்டையாகிவிடும், நீ அவர் செல்லம், நீ பேசு. கத்தாதே, கேலி செய்யாதே, இதை யார் அனுப்பினாங்க சித்தப்பா என்று மெதுவாகக் கேள். நேரத்துக்குச் சாப்பிடு, கண் விழிக்காதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய், சித்தப்பாவுக்குச் செய்துவிட்டு எனக்கு.

ஆசிகளுடன்,
உன் அம்மா