நீ முடித்துவிட்டு இறங்கிய நிரை

தங்கச்சி,

இன்று காலை கொழும்பிலிருந்து ஒரு பார்சல் வந்தது. பிரித்துப் பார்த்தால் உன் படங்கு. கொழுந்து பறிக்கப் போகையில் பனி நனைக்காமல் இடுப்பில் சுற்றிக் கட்டுவாயே, அந்தச் சாக்குத்தான். நடனக் குழுப் பிள்ளைகள் ஆட்டத்தில் கட்டிக்கொள்ள உன்னிடம் இரவல் வாங்கிப் போனது. துவைத்து, இஸ்திரி போட்டு, நான்காக மடித்து அனுப்பியிருக்கிறார்கள். மூக்கில் வைத்துப் பார்த்தேன். தேயிலைக் கறை இல்லை, ஈர மண் இல்லை, நீயும் இல்லை. ரோஜாப்பூ சவர்க்காரம் மணக்கிறது. நல்ல பிள்ளைகள், மரியாதைக்காகத்தான் செய்திருப்பார்கள். எனக்குத்தான் வாசற்படியில் உட்கார்ந்துவிட வேண்டியிருந்தது.

நீ போய் ஐந்து மாதமாகிறது. உனக்கு எழுத வேண்டுமென்று அன்றிலிருந்தே நினைப்பு. எட்டாம் வகுப்புக்கு மேல் என்னைத் தாங்கப் பள்ளிக்கூடத்துக்குத் தெம்பு இருக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். பிழை இருந்தாலும் நீ கண்டுபிடிக்கப் போவதில்லை. நீ ஐந்தாம் வகுப்பு.

எல்லாவற்றையும் தொடக்கி வைத்தவள் உன் மகள் சுமதி. கொழும்பிலிருந்து நவீன நடனக் குழு ஒன்று வருகிறது, தோட்டத்துப் பெண்களோடு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடிப் பழகப் போகிறார்கள், இடம் வேண்டும் என்றார்கள். அவள் தன் பொறுப்பிலுள்ள பிள்ளைக்காம்பராவைத் திறந்துவிட்டாள். நீங்கள் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் அதே அறை. அவர்கள் பேசுவது சிங்களம், உங்களுக்குத் தமிழ். நடுவில் ஓர் ஆள் தேவைப்பட்டது.

"மாமா, ஒங்களுக்குத்தான் சிங்களம் தண்ணி பட்ட பாடாச்சே, வாங்களேன்" என்றாள்.

கினிகத்தேனைக் கடையில் பதினைந்து வருஷம் மூட்டை தூக்கிப் படித்த சிங்களம் அது. நான் வாய் திறந்தால் கண்டிப் பெரியவர்களே என்னைச் சிங்களவன் என்று நினைத்து "மாத்தயா எந்த ஊர்?" என்று கேட்பார்கள். சரி, ஒருவர்தான் கேட்டார். குழுவை நடத்திய மிஸ் என் கழுத்தில் ஓர் அட்டை மாட்டிவிட்டார், 'மொழிபெயர்ப்பாளர்' என்று. அதை மாட்டிக்கொண்டே பீலித் தண்ணீரில் குளிக்கப் போனேன். லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் சிரித்தார்கள். நீ மட்டும், "இருக்கட்டும், அண்ணனுக்கு அழகாத்தான் இருக்கு" என்றாய்.

முதல் ஞாயிறு அவர்கள் உங்களையெல்லாம் தரையில் படுத்து மூச்சுவிடச் சொன்னார்கள். சலங்கை கிடையாது, பாட்டு கிடையாது. பத்துப் பதினைந்து பெண்கள் சேலையைச் சொருகிக்கொண்டு சீமெந்துத் தரையில் கிடந்தீர்கள். "படுக்கச் சொல்லித்தர கொழும்புலருந்து வேன் போட்டு வரணுமா?" என்று நீ கேட்டாய். அறையே குலுங்கியது. மிஸ் என்னவென்று கேட்டார். "மனம் இலேசாகிறது என்று சொல்கிறாள்" என்றேன். மிஸ் நெஞ்சில் கை வைத்து உனக்குத் தலை குனிந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. சொன்னதைக் காட்டிலும் நல்லதாகச் சொல்லிக் கொடுப்பதில் என்ன குறைந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

நாலாவது ஞாயிறுதான் அது நடந்தது. மிஸ் ஒவ்வொருத்தியையும் தனியாக வெளிப்படியில் உட்கார வைத்துப் பேசினார், கூட நான் மட்டும். "உங்கள் கை இன்னும் மறக்காத ஒன்றைக் காட்டுங்கள்" என்பதுதான் கேள்வி. ஒருத்தி ரொட்டி தட்டினாள். ஒருத்தி மாமியாருக்குக் கால் பிடித்தாள். நீ உன் முறை வந்ததும் வலக்கையைத் தோளுக்கு மேலே தூக்கி, உள்ளங்கையை வெளியே காட்டி, 'இரு, வாரேன்' என்பது போல் நிறுத்தினாய். இடக்கை கீழே கொழுந்து கிள்ளிக்கொண்டே இருந்தது.

மிஸ் அது என்னவென்று கேட்டார். நீ சொன்னாய். உன் குரல் எனக்குச் சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கிறது.

"எனக்கு மூத்தது ஆம்பளப் பிள்ள, எட்டு மாசம். காய்ச்சலோட இங்கதான் விட்டுட்டு மலைக்குப் போனேன். அண்ணன் ரோட்டுல நின்னு கத்திச்சு, பிள்ளைக்கு ரொம்ப முடியல, ஓடியான்னு. அண்ணன் எதயும் பெருசாத்தானே சொல்லும். மொத நாளுதான் லயத்துக்குள்ள புலி வந்திருச்சுன்னு கத்தி எங்க எல்லாரயும் எறக்கிச்சு. வந்து பாத்தா மஞ்ச நாயி. அதான் கையக் காட்டிட்டு எனக்கு விட்ட தேயிலச் செடி நெரைய முடிச்சேன். முடிச்சிட்டுத்தான் எறங்கினேன். ஆயாம்மா மடியில அசையாம கெடந்தான். இத யாருகிட்டயும் சொன்னதில்ல மிஸ். அவன் அப்பாகிட்ட கூட சொல்லல."

முப்பது வருஷம், தங்கச்சி. காற்றில் என் குரல் மட்டும் எட்டியது, சொன்னது உனக்குக் கேட்கவில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஊரிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன்.

மிஸ் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கதையில் நான் இருந்த இடத்தை என் வாயாலேயே சிங்களத்தில் சொல்ல வேண்டும். எனக்கு நாக்கு எழவில்லை. பிறகு எழுந்தது. எழுந்த பிறகு நிற்கவில்லை. கங்காணி கம்பை நீட்டி உன்னை மறித்ததாகச் சொன்னேன். நீ கூடையை வீசி எறிந்துவிட்டுச் சரிவில் விழுந்து புரண்டு ஓடி வந்ததாகச் சொன்னேன். அண்ணன்காரன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொட்டும் மழையில் அக்கரப்பத்தனை ஆஸ்பத்திரி வரை ஓடினான் என்றும் சொன்னேன். அன்று மழையே இல்லை. மிஸ் கண்ணைத் துடைத்தார்.

உனக்குச் சாமான் வாங்கும் கடைச் சிங்களம்தான் தெரியும், என் வேகத்துக்கு எட்டவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எல்லாத்தயும் சொல்லிட்டீங்களாண்ணே?" என்று கேட்டாய்.

"ஒரு எழுத்து விடல" என்றேன்.

அன்று சாயங்காலம் நீ உப்புக் கருவாடு பொரித்துச் சோறு போட்டாய். என்றைக்கும் இல்லாமல் நிறையப் பேசினாய்.

ஹட்டனில் மண்டபம் நிரம்பி வழிய ஆட்டம் நடந்தது என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். பின் வரிசைகள் காலி, உனக்குத் தெரியும், நீ என் பக்கத்தில்தான் இருந்தாய். மேடையில் உன் படங்கைக் கட்டிக்கொண்டு ஒரு பெண்பிள்ளை கொழுந்து பறித்தாள். ஒருவன் கம்பால் மறித்தான். அவள் கூடையை எறிந்தாள், ஓடினாள். பிறகு வாட்டசாட்டமான ஒரு பையன் துணிப் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேடையைச் சுற்றிச் சுற்றி ஓடினான். மூன்று சுற்று. அதற்குத்தான் அதிகம் கை தட்டினார்கள். நானும் அழுதுகொண்டே தட்டினேன்.

"அது யாருண்ணே, அந்த ஓடுற பையன்?"

"நான்தான்" என்றேன்.

நீ மேடையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாய். பஸ்ஸில் ஏறி டயகம ரோட்டுத் திருப்பங்களும் வந்துவிட்டன. அப்புறம் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டே சொன்னாய்.

"நான் ஓடலயேண்ணே. நெரைய முடிச்சிட்டுத்தானே வந்தேன்."

"ஒனக்கு ஒரு நல்ல பேரு கெடைக்கட்டும்னுதான் தங்கச்சி..."

"பேரு யாரு கேட்டா? முப்பது வருசமா வயித்துக்குள்ள வச்சிருந்தத ஒரு தடவ வெளிய எடுத்தேன். அதயும் போயிச் சேர விடாம நடுவுல புடிச்சிக்கிட்டீங்களே." பிறகு, "மிஸ் அடுத்த தடவ வருவாங்கல்ல, சரியாச் சொல்லிருங்க. அவங்களுக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்" என்றாய்.

சொல்கிறேன் என்று உன் தலையில் கை வைத்துச் சொன்னேன்.

மிஸ் அடுத்த மாதம் வந்தார். வரும்போதே, அந்த ஓட்டத்தைப் பார்த்துக் கொழும்பில் எல்லாரும் உருகிப்போனார்கள், அந்த அண்ணன் நீங்கள்தானே, உங்களை அங்கே மேடையேற்றி மாலை போடப் போகிறோம் என்றார். நான் சொல்லவில்லை. நீ சுவரோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் குனிந்து அட்டையின் நூலைச் சரி செய்தேன். கடைசியில் நீயே மிஸ்ஸிடம் போனாய். உன் கடைச் சிங்களத்தில் ஒரு சொல்லைத் தேடி, அதற்கடுத்ததைத் தேடி, "மிஸ், மம திவ்வே நே" என்றாய். நான் ஓடவில்லை என்று. அன்று எல்லாரையும் வட்டமாக ஓடவிட்டிருந்தார்கள். உனக்கு முழங்கால் முடியவில்லை என்று நினைத்து, பரவாயில்லை அம்மா, உட்காருங்கள் என்று மிஸ் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். நான் ஒரே ஒரு வசனம் சொன்னால் போதும். இரண்டு கை தூரத்தில் நின்றேன்.

நீ அந்தக் கதிரையில் பயிற்சி முடியும்வரை உட்கார்ந்திருந்தாய்.

அதற்குப் பிறகு மூன்று வாரம்தான். காலையில் பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்க வரிசையில் நிற்கும்போதே, பக்கத்துப் பெண்ணின் தோளில் சாய்ந்தாய். நெஞ்சுவலி என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது நீ இல்லை. உன் செத்த வீட்டுக்கு ஆயிரம் பேர் வந்தார்கள் என்று எழுதத்தான் கை வருகிறது. வேண்டாம். நம் லயத்தார் வந்தார்கள், மேல் லயத்தார் வந்தார்கள், நடனக் குழுவின் வேன் வந்தது.

கருமாதிக்கு மிஸ் தனியாக வந்தார். உன் அடுப்படியில் பலகை போட்டு உட்கார்ந்தார். அங்கே வைத்துச் சொன்னேன். மஞ்சள் நாயிலிருந்து தொடங்கினேன். நான் கடையிலிருந்து லீவில் வந்திருந்ததையும், ஹட்டனுக்குப் படம் பார்க்கப் போக வெள்ளைக் காற்சட்டையும் புதுச் சப்பாத்தும் போட்டிருந்ததையும் சொன்னேன். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாம்மா உன்னைக் கூட்டிவர என்னைத்தான் அனுப்பினாள். முதல் நாள் மழையில் மலை ஈரமாக இருந்தது, சேறு படும் என்று ரோட்டிலேயே நின்று கத்தினேன். நீ கை காட்டினாய். வருகிறாள் என்று நானும் அங்கேயே நின்றேன். ஏறி வந்து உன் தோளைத் தொட்டிருந்தால் நீ என் முகத்தைப் பார்த்திருப்பாய். வாயைத்தான் நம்ப மாட்டாய், முகத்தை நம்பியிருப்பாய்.

"பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியது?" என்று மிஸ் கேட்டார்.

"யாரும் ஓடவில்லை" என்றேன்.

மிஸ் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அடுப்புச் சாம்பலைப் பார்த்தபடியே, அவள் கையை எந்த உயரத்தில் தூக்கினாள் என்று மட்டும் கேட்டார். காட்டினேன். இன்னும் கொஞ்சம் கீழேயா என்று கேட்டார். ஆமாம், கொஞ்சம் கீழே.

போன மாதம் நம் தோட்டத்து மைதானத்திலேயே ஆடினார்கள். பின்னேர வெயில், புல்தரைதான் மேடை. சுற்றிவர நம் சனம் குந்தியிருந்தது. "பாட்டுப் போடுங்கப்பா, இது என்ன ஊமக் கூத்து!" என்று பொடியன்கள் கத்தினார்கள். பிறகு அடங்கிவிட்டார்கள்.

அந்தப் பெண்பிள்ளை பறித்துக்கொண்டே வந்தாள். கம்பு இல்லை, கங்காணி இல்லை. இந்த ஓரத்தில் ஒரு பையன் கையை வாயருகே குவித்துச் சத்தமில்லாமல் கூப்பிட்டான். அவள் கையைத் தூக்கிக் காட்டினாள். அதே உயரம். காட்டிவிட்டுக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். அவன் கூப்பிட்டான். அவள் கை காட்டினாள். நிரை போய்க்கொண்டே இருந்தது.

முதலில் மேல் லயத்து மாரியாயிதான் எழுந்து நின்றாள். "கூடையப் போட்டுட்டுப் போடீ! நெரை கெடந்தாக் கெடக்கட்டும், போடீ!" பிறகு நாலைந்து பேர். பிறகு பெண்கள் முழுக்கக் கத்தினார்கள், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டே. அன்று உன்னிடம் யாரும் சொல்லாததை எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். ஆனால் ஆடுகிற பிள்ளை மிஸ் சொல்லிக்கொடுத்தபடி நிரையைக் கடைசிவரை முடித்தாள். அப்போது என் பக்கத்திலிருந்து ஒரு குரல் கிளம்பியது, அந்தப் பையனைப் பார்த்து.

"ரோட்டுலயே நின்னு கத்துறானே, ஏறிப் போயிக் கூட்டிட்டு வர இவனுக்குக் கால் இல்லையா?"

அது சுமதி.

நீ மிஸ்ஸுக்கு மட்டும் என்றுதான் சொன்னாய். ஆனாலும் வீட்டுக்கு ஏறும் வழியில் அவளிடம் சொல்லிவிட்டேன். செத்தது அவள் அண்ணன். என்னால் அவளோடு அந்தப் படிகளில் சும்மா ஏற முடியவில்லை. அவள் நிற்கவில்லை, நடந்துகொண்டே கேட்டாள்.

"நீங்க சரியாச் சொல்லலன்னு அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அதுக்கப்புறமும் ஒங்களுக்குச் சோறு போட்டுச்சா?"

"போட்டுச்சு."

கதவைச் சாத்திக்கொண்டாள். பத்து நாள் என்னோடு பேச்சு இல்லை. பதினோராம் நாள் காலை என் காம்பரா வாசலில் வந்து நின்றாள். "மூணாம் நம்பர் மலையில கோகிலா நிக்கிது. பிள்ள வாந்தி எடுக்குது. போயிக் கூட்டிட்டு வாங்க." திரும்பிப் போனவள் நின்று, "ஏறிப் போங்க" என்றாள்.

ஏறினேன். கோகிலாவின் பக்கத்தில் போய் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னேன். "பிள்ள ரெண்டு தடவ வாந்தி எடுத்துச்சு. காய்ச்சல் இல்ல. சுமதி ஒன்ன வரச் சொல்லிச்சு." அவ்வளவுதான். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு நிரையைப் பார்த்தாள். பாதிக்கு மேல் கிடந்தது.

கூடைக் கயிற்றை அவள் தலையிலிருந்து கழற்றி என் தலையில் மாட்டிக்கொண்டேன். "நீ போ தாயி. இத நான் பாத்துக்கிறேன்."

அவள் ஓடினாள். நான் பறித்தேன். கீழிருந்து கங்காணி, "யோவ் மாமா, முத்தின எலையெல்லாம் புடுங்கிப் போடுறீங்களே, ஸ்டோருல என்னய வைவாங்க!" என்று சிரித்தார். பெண்களும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். விரல் நுனி கறுத்துப்போயிற்று, இடுப்பு விட்டுப்போயிற்று. ஏதாவது பெரிதாகச் சொல்லலாமென்று வாய் வந்தது, சொல்ல ஒன்றும் இல்லை.

அதிலிருந்து பிள்ளைக்காம்பராவில் யாருக்காவது முடியாவிட்டால் நான்தான் ஏறுகிறேன். தாய்மாரை இறக்கிவிட்டு, மிச்ச நிரையை நான் பறிக்கிறேன். ஒரு நிரைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று இந்த அறுபத்திரண்டு வயதில்தான் தெரிந்துகொண்டேன், தங்கச்சி. ரோட்டில் நின்று பார்க்கையில் அது அவ்வளவு தூரமாகத் தெரிவதில்லை.

அண்ணன்