மண்புழுவுக்குச் சுற்றிய உப்பு

கிள்ளான்,
ஞாயிறு காலை

அன்பு மகள் உஷாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் அம்மன் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் வலி மட்டும் மழைக்கு முன்பே வந்துவிடுகிறது, மற்றபடி போர்ட் கிள்ளானுக்கு லோரி ஓட்டப் போய்க்கொண்டுதான் இருக்கிறார். டப்ளின் குளிரில் உன் கை வெடிப்பு ஆறியதா? ஆஸ்பத்திரியில் ஓயாமல் கை கழுவுகிறாய், படுக்கும்போது தேங்காய் எண்ணெய் தடவிக்கொள். வாட்சாப்பில் அனுப்பினால் அப்பா அனுப்பும் காலை வணக்கப் பூக்களோடு இதுவும் காணாமல் போய்விடும், அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

நான் கேண்டீன் நடத்தும் பள்ளியில் இந்த வருடம் எதை எடுத்தாலும் சுற்றுச்சூழல்தான். பிளாஸ்டிக் பை கிடையாது, சாப்பாடு தப்பாவ் கட்டிக்கொண்டு போக வேண்டுமென்றால் பிள்ளைகள் வீட்டிலிருந்து டப்பா கொண்டு வர வேண்டும். முதலில் நானும் முணுமுணுத்தேன், இப்போது மூன்று மூட்டை குப்பை ஒரு மூட்டையானதும் வாயை மூடிக்கொண்டேன். அதற்கு மேல் அறிவியல் ஆசிரியை லோகேஸ்வரி, நான்காம் படிவ வகுப்புப் பிள்ளைகளை வைத்து, கேண்டீனுக்குப் பின்னால் மூன்று பெட்டிகளில் மண்புழு வளர்க்க ஆரம்பித்தார். நான் கழித்துப் போடும் காய்த் தோலையும் தேத்தூளையும் பிள்ளைகள் தினமும் நிறுத்து எழுதிவிட்டுப் புழுவுக்குப் போடுவார்கள். இரண்டு மாதத்தில் கறுகறுவென்று உரம், அதில் கங்கோங் கீரை போட்டு எனக்கே முதல் கட்டு கொடுத்தார்கள். இதற்கெல்லாம் தலைவி புனிதா என்ற பெண். காலையில் வந்ததும் புத்தகப்பையைக்கூட இறக்காமல் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போவாள்.

மாநிலச் சுற்றுச்சூழல் போட்டிக்கு நடுவர்கள் வரப் பத்து நாள் இருக்கும்போது வேறு பள்ளி ஆசிரியர்கள் பார்க்க வந்தார்கள். ஆளாளுக்குப் படம் எடுத்தார்கள், ஒரு அம்மா, இவ்ளோ கொழுகொழுன்னு புழுவ நான் பாத்ததே இல்ல லா என்று வாயைப் பிளந்தார். போச்சு, கண் பட்டுவிட்டது என்று நினைத்தேன். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று சும்மாவா சொன்னார்கள்? எல்லாரும் போனபின் கைநிறையக் கல்லுப்பு எடுத்து மூன்று பெட்டிக்கும் மும்மூன்று தரம் சுற்றினேன். வீடாக இருந்தால் மிளகாயோடு நெருப்பில் போட்டிருப்பேன், பள்ளியில் புகை கிளப்ப முடியுமா? உப்பு ஈரத்தில் கரைந்தால் போதும், பெட்டியும் ஈரமாகத்தானே இருக்கிறது என்று அப்படியே உள்ளே தூவிவிட்டு, திருப்தியாக வீட்டுக்கு வந்து தூங்கினேன். உன் அம்மாவின் அறிவை என்ன சொல்ல!

மறுநாள் பெட்டியைத் திறந்த புனிதா போட்ட சத்தத்தில் கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன். பாதிப் புழு செத்துக் கிடந்தது, மீதி பெட்டிச் சுவரேறி ஓடியிருந்தது. மண்ணில் கரையாத உப்புக் கல் இரண்டு கிடந்ததை ஆசிரியை பார்த்துவிட்டார். அந்த வாரம் பெட்டிக்குப் பொறுப்பு புனிதா, அவள் பையில் எப்போதும் மாங்காய் ஜெருக் இருக்கும், மாங்காய் ஊறிய அந்த உப்புத் தண்ணீரை அவள்தான் கவனமில்லாமல் ஊற்றியிருப்பாள் என்று முடிவு கட்டினார்கள். இல்ல டீச்சர், நான் இல்ல என்று அந்தப் பிள்ளை தலைகுனிந்து நின்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நடுவர்கள் முன்னால் நீ பேச வேண்டாம், குழுவில் இருக்கும் பிரவின் பேசட்டும் என்று சொல்லிவிட்டார் ஆசிரியை. நான் அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். கேண்டீனைப் பிடுங்கிவிடுவார்களோ என்ற பயம், அதைவிடப் பெரிய வெட்கம். இரண்டு நாள் வாய் திறக்கவில்லை உஷா. அந்த இரண்டு நாளும் புனிதா ஓய்வு நேரத்தில் சாப்பிட வரவில்லை.

மூன்றாம் நாள் அடுப்பை அணைத்துவிட்டு, ஏப்ரனோடு அறிவியல் கூடத்துக்குப் போய், புழுவைக் கொன்னது நான்தான் டீச்சர், திருஷ்டி சுத்திப் போட்டேன் என்று எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் சொன்னேன். லோகேஸ்வரி ஃபைலால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், பிள்ளைகளும் சிரித்தார்கள். அப்புறம் புனிதாவிடம் போய், கேக்காமலேயே உன்ன சொல்லிட்டேன் மா, டீச்சர் மேல தப்பு என்றார். புனிதா சிரிக்கவில்லை. ஏன் ஆன்டி மொதல்லயே சொல்லல என்று மட்டும் கேட்டாள்.

அப்பா தெலுக் பங்லிமா காராங்கில் தெரிந்தவர் காய்த்தோட்டத்திலிருந்து இரண்டு வாளி புழு கொண்டு வந்து கொடுத்தார். வழி நெடுக, புழுவுக்குக் கண்ணுபட்ட கதைய லோரிக்காரனுங்ககிட்ட சொன்னா என்னை விடுவானுங்களா என்று சிரித்துக்கொண்டே வந்தார். நடுவர்களிடம் புனிதாதான் பேசினாள். என் பெயரைச் சொல்லாமல், உப்பு பட்டால் புழுவுக்கு என்ன ஆகும் என்பதையும் ஒரு அட்டையில் எழுதி வைத்திருந்தாள். நான்தான் பொறுக்காமல் குறுக்கே விழுந்து மலாயில் உண்மையைச் சொன்னேன். மலாய்க்கார நடுவரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, தன் அம்மாவும் உப்பு மிளகாய் சுற்றுவார் என்றார். இரண்டாம் பரிசு கிடைத்தது. புனிதா இப்போது மறுபடியும் நாசி லெமாக் சாப்பிட வருகிறாள், சம்பல் கூட வை ஆன்டி என்கிறாள்.

ஆனால் அவள் தலைகுனிந்து நின்றது என் கண்ணை விட்டுப் போகவில்லை, நீயும் அப்படித்தான் நின்றாய். மூன்றாம் படிவத்தில் நீ ஜன்னலை உடைத்தாய் என்று பள்ளியில் என்னைக் கூப்பிட்டார்கள். நான் இல்லம்மா என்று நீ சொன்னதைக் காதில் வாங்காமல் ஆபீஸ் வாசலில் எல்லாரும் பார்க்க உன்னை அறைந்தேன். உடைத்தது வேறொருவன் என்று அடுத்த வாரம் தெரிந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை, இறால் பிரட்டி உன் தட்டில் கூடுதலாக வைத்தேன், நீயும் பேசாமல் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தாய். பதினான்கு வருடம் ஆகிவிட்டது. ஊரார் பிள்ளை முன்னால் தப்பை ஒத்துக்கொண்ட எனக்கு, பெற்ற பிள்ளையிடம் சொல்ல இத்தனை நாள் ஆகியிருக்கிறது. அன்று தப்பு என்னுடையது. அம்மாவை மன்னித்துவிடு.

நோய்நொடி இல்லாமல் நூறு வருடம் நீ நன்றாக இருக்க வேண்டும், மாரியம்மன் துணை இருப்பாள். இரவு வேலை முடிந்து வந்து வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே, ஒரு பிடி அரிசியாவது வை. இதற்குப் பதில் எழுத வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது வழக்கம்போல என்னோடு சண்டை போடு, போதும்.

உன் அம்மா,
தனலெட்சுமி சின்னையா