ஒரே பக்கம் சாய்ந்த மரங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

நீ நலமாகத்தான் இருப்பாய். ஓடிப்போகிறவர்களுக்குப் பொதுவாக உடம்புக்கு ஒன்றும் வருவதில்லை. அம்மாவுக்குத்தான் இரத்த அழுத்தம் ஏறிக் கிடக்கிறது. மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு "அவன் சாப்பிட்டானோ என்னவோ" என்று புலம்புகிறாள். புலம்பி முடித்ததும் மாத்திரையை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிடுகிறாள்.

உன் கடிதத்தை உன் லாரிக்கார நண்பன் நேற்று எங்கள் வானிலை அலுவலகத்துக்கே கொண்டுவந்து கொடுத்தான். போனை அணைத்துவிட்டுக் கடிதம் எழுதும் அளவுக்கு உனக்கு விவரம் வந்திருக்கிறதே என்று மெச்சிக்கொண்டேன். பதிலையும் அவனிடமே கொடுத்தனுப்புகிறேன். பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். தங்கியிருக்கும் அறையில் கொசு அதிகம் என்று எழுதியிருக்கிறாய். நீ கட்டிய தையல் ஷெட்டின் கூரை விழுந்து செத்துப்போன இரண்டு பெண்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தேடித்தேடிப் பார்த்தேன்.

நீ கேட்டது எனக்குப் புரியாமல் இல்லை. "அக்கா, சுழல்காற்றுன்னு ஒரே ஒரு வார்த்தை எழுதிடு. அதுக்குமேல யாரும் எதையும் தோண்ட மாட்டாங்க" என்று எழுதியிருக்கிறாய். இத்தனை வருடமாக "மேகத்தைப் பாக்கறதுக்கெல்லாமா சம்பளம் குடுக்கறாங்க" என்று என் வேலையைக் கிண்டல் செய்தவன் நீ. அந்த வேலையின் ஒரு வார்த்தைக்கு எவ்வளவு மதிப்பு என்று இப்போதுதான் உனக்குத் தெரிந்திருக்கிறது.

நீ தேர்ந்தெடுத்த வார்த்தை சாமர்த்தியமானதுதான், ஒப்புக்கொள்கிறேன். சுழல்காற்றின் பாதை குறுகலானது. ஒரு வீட்டைச் சுருட்டி எறிந்துவிட்டு அடுத்த வீட்டின் கொடியில் காயும் துணியைத் தொடாமல் போகும். அதனால் உன் ஷெட் தரைமட்டமாகி, மதிலுக்கு அந்தப் பக்கம் வேறு ஒருவர் கட்டிய ஷெட் நான்கு தகரத்தை மட்டும் இழந்து நிமிர்ந்து நிற்பதை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். விதி என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் இடிமேகத்திலிருந்து கொட்டி, தரையில் மோதி, ஒரே பக்கமாகப் பாய்ந்து ஓடும் நேர்க்காற்று அப்படிப் பார்த்துப் பார்த்து அடிக்காது. அது வந்தால் இரண்டு ஷெட்டுக்கும் ஒரே அடிதான். அப்புறம் ஒன்று ஏன் நின்றது, ஒன்று ஏன் விழுந்தது என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பயந்துதானே நீ ஊரைவிட்டுப் போனாய்?

புயல் அடித்த மறுநாள் காலையிலேயே நான் அங்கே போனேன். கூரை போட்டது என் தம்பி என்று என் மேலதிகாரியிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். தனியாகப் போக வேண்டாம் என்று இன்னோர் அலுவலரையும் கூட அனுப்பினார். நல்ல மனிதர், எதற்கும் அவசரப்படாதவர். சேதம் பார்க்கப் போனால் ஓரத்திலிருந்து தொடங்க வேண்டும். முதலில் விழுந்த மரம், முதலில் பறந்த ஓடு என்று வெளியிலிருந்து உள்ளே வர வேண்டும். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு நானே இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு அதையெல்லாம் காற்றில் விட்டுவிட்டு நேராக உன் ஷெட்டுக்குப் பின்னால் ஓடினேன். அங்கே இரண்டு மரங்கள் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று குறுக்கே விழுந்து கிடந்தன. சுழல்காற்று அப்படித்தான் தள்ளும். தன் பாதையின் இரண்டு பக்கத்து மரங்களையும் உள்நோக்கி இழுத்துக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டுவிட்டுப் போகும். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறாய்? இரண்டு உயிர் போன இடத்தில் நின்றுகொண்டு சந்தோஷப்பட்டேன். அந்தக் கணத்தை நினைத்தால் எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது. அங்கேயே நின்று அம்மாவுக்குப் போன் போட்டு, சுழல்காற்றாக இருக்கலாம் என்று உளறிவிட்டேன்.

அம்மா விடுவாளா? மத்தியானத்துக்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். உனக்கும் சொல்லியிருக்கிறாள். அந்தத் தைரியத்தில்தான் நீ கடிதமே எழுதியிருக்கிறாய்.

பிறகு ஓரத்துக்குப் போய் ஒழுங்காகத் தொடங்கினோம். விளையாட்டு மைதானத்தின் வேலி, அதைத் தாண்டி மருத்துவமனைச் சாலை, அங்கிருந்து கிடங்குகள். மரங்கள் எல்லாமே மேற்கே வேரும் கிழக்கே தலையுமாகப் படுத்திருந்தன. ஊரின் அந்தப் பாதி முழுக்க அதே கதை. குறுகலான பாதை என்று எதுவும் இல்லை. வீட்டுச் சுவர்களில் இலைத்துணுக்கும் சேறும் மேற்குப் பக்கம் மட்டும் அப்பியிருந்தன. மற்ற மூன்று பக்கமும் சுத்தம். சுழன்றடித்திருந்தால் நாலா பக்கமும் அப்பியிருக்கும்.

அப்போதும் நான் விடவில்லை, தம்பி. உனக்காக அந்தக் கத்தரிக்கோல் மரங்களிடம் திரும்பிப் போனேன். குனிந்து பார்த்தபோது குறுக்கே கிடந்த மரத்தின் பட்டையில் சுற்றிலும் கம்பி அறுத்த தடம் இருந்தது. உன் கூரையில் ஒரு பாதி அப்படியே பெயர்ந்து பறந்து போய் மின்கம்பத்தைச் சாய்த்திருக்கிறது. கம்பம் விழும்போது அதன் கம்பி அந்த மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் போட்டிருக்கிறது. காற்று அதை அப்படித் தள்ளவே இல்லை. கூட வந்த அலுவலர் எல்லாவற்றையும் பார்த்தார், என் முகத்தையும் பார்த்தார். "வாங்கம்மா, ஒரு வாய் தண்ணி குடிங்க" என்றார்.

ஷெட்டின் தூண்கள் எங்கும் வளையவில்லை. தரையில் போல்ட் போட்டு முடுக்கும் அடிப்பிளேட்டோடு அப்படியே கழன்று வந்து கிடந்தன. ஒவ்வொரு பிளேட்டிலும் நான்கு துளை. அவற்றில் இரண்டு துளைகளின் ஓரத்தில் நீ அடித்த நீலப் பெயிண்ட் புத்தம் புதிதாக இருந்தது. ஒரு போல்ட் உள்ளே போயிருந்தால் ஒரு கீறலாவது இருந்திருக்கும். எந்தத் தூணைப் பார்த்தாலும் இதே லட்சணம். பக்கத்து ஷெட்டில் நான்கு துளைக்கும் நான்கு போல்ட் இருக்கின்றன. அதுதான் நிற்கிறது.

உன்னைக் கூப்பிட்டுக் கத்த வேண்டும் போலிருந்தது. உன் போன் அணைந்திருந்தது.

அதற்குள் நீ செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்திருந்தாய். ஷெட் முதலாளிக்குப் போன் பண்ணி, "போல்ட் மாட்டறது வெல்டர் வேலை சார், நான் அன்னைக்கு சைட்லயே இல்ல" என்று நாக்கூசாமல் சொல்லியிருக்கிறாய். முதலாளி அதை அப்படியே போலீசில் சொல்ல, உன் கூட்டாளி வெல்டர் பொறியை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். எட்டு வயதில் பட்டாசைக் கையில் பிடித்து விரலைச் சுட்டுக்கொண்டு அந்தப் பெயர் வாங்கியவன், கடைசியில் வெல்டராகவே ஆனான். உன்கூடத்தானே சுற்றினான்? நீ சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு செய்வான். அதில் அவனுக்கும் பங்கு உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இரண்டு போல்ட் போதும் என்றது யார் என்று அவனுக்கும் தெரியும், உனக்கும் தெரியும். நான் போய்ப் பார்த்தேன். உன் பெயரை இன்னும் அவன் சொல்லவில்லை. "அவன் வந்து சொல்லுவான் அக்கா" என்கிறான். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

நான் சுழல்காற்று என்று எழுதினால் பொறியும் வெளியே வந்துவிடுவான், யாருக்கும் கெடுதல் இல்லை என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்தபோது ஒரு நிமிடம் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. பிறகு காய்கறிச் சந்தை ஞாபகம் வந்தது. அந்தக் கூரையும் நீ போட்டதுதான். அம்மா வாரம் தவறாமல் அதன் கீழேதான் நின்று வெண்டைக்காயை முறித்துப் பார்த்து வாங்குகிறாள். சுழல்காற்று என்று எழுதிவிட்டால் அந்தத் தூண்களின் காலை யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்?

அம்மா என்னோடு பேசுவதில்லை. "முதல்ல நீதானே சொன்ன, இப்ப உன் தம்பின்னு தெரிஞ்சும் மாத்தறியே, நீ என் வயித்துல பொறந்தவதானா?" என்று ஒரு தடவை கேட்டாள். அதோடு சரி. அதற்கு முன்பு, முறுக்கிக்கொண்டு நிற்கும் ஒரு மரத்தைக் காட்டி, இது சுழற்றாமல் எப்படி முறுக்கும் என்று பக்கத்து வீட்டு அத்தையையும் கூட்டிக்கொண்டு வந்து என்னிடம் வாதாடினாள். ஒரு பக்கம் கிளை கனத்த மரம் நேர்க்காற்றிலும் முறுக்கும் என்று சொன்னேன். படித்த திமிர் என்றார்கள். இருக்கட்டும்.

இதில் எனக்கு வயிறு எரிவது எதற்குத் தெரியுமா? பொறியின் மனைவி தினமும் நம் வீட்டுக்கு வருகிறாள். இரண்டு போல்ட் போதும் என்றது நீதான் என்று அவளுக்குத் தெரியாது. நம் சமையலறையில், நீ உட்காரும் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து அழுகிறாள். அம்மா அவள் முதுகைத் தடவி, "காத்தை யாரும்மா பிடிச்சு நிறுத்த முடியும்" என்று ஆறுதல் சொல்கிறாள். அவள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு, நீ கொஞ்ச நாள் அங்கேயே பத்திரமாக இருக்க வேண்டும் என்று கடவுளைக் கும்பிடுகிறாள். இரண்டும் மனதாரச் செய்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டு ஒரே வீட்டில் இருக்க என்னால் முடியவில்லை.

இந்தக் கடிதம் உன்னிடம் அனுமதி கேட்பதற்காக அல்ல. அறிக்கை இன்று காலை போய்விட்டது. நேர்க்காற்று என்று எழுதி, நானும் அந்த அலுவலரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். தூண்களைப் பற்றிய படங்களையும் சேர்த்திருக்கிறோம். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள். இரண்டு பெண்களின் வீட்டுக்கும் போய்விட்டு வந்தவள் நான். உன் திட்டு எனக்குப் பெரிதாக வலிக்காது.

நேற்று பொறியின் மனைவி வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, உங்க தம்பி வந்து ஒரு வார்த்தை சொன்னா இவரை விட்டுருவாங்களாமே. அவரு வருவாரா?" என்று கேட்டாள். கண்ணைத் துடைக்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கையில் ஓர் ஆதாரமும் இல்லாமல் உனக்காக ஒரு வார்த்தை சொல்லச் சொன்னாய் அல்லவா? சொல்லிவிட்டேன் தம்பி. வருவான் என்று சொல்லிவிட்டேன்.

உன் அக்கா