குடில் பெட்டியில் ஜூலை மாதத்துப் பேப்பர்

14 டிசம்பர் 1998, திங்கள்

வெள்ளையடித்த வாடை இன்னும் போகவில்லை. மழை விட்டதும் கிறிஸ்துமஸ் குடில் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினோம். சொரூபங்களை ஜனவரியில் நான்தான் பேப்பரில் சுற்றி வைத்தேன். பாலன் இயேசுவை மட்டும் ஜூலை மாதத்துப் பேப்பர் சுற்றியிருந்தது. ஜூலையில் நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். வீட்டில் என் வீட்டுக்காரரும் அவர் தங்கச்சி ரெஜினாவும்தான் இருந்தார்கள்.

“ரெஜினா இந்தப் பெட்டியத் தொறந்தாளா?” என்று கேட்டேன்.

ஸ்டூலில் ஏறி ஸ்டார் கட்டிக்கொண்டிருந்தவர் திரும்பவே இல்லை. “அவ எதுக்குத் தொறக்கப் போறா? எலி இழுத்திருக்கும்.”

“எலியா புதுப் பேப்பர் எடுத்துச் சுத்தி வச்சுச்சு?”

பெட்டிக்குள் வைக்கோலைக் கிளறினேன். அடியில் நீலக் கம்பளித் தொப்பி. மார்கழிக் குளிருக்கு ஆகும் என்று வயிற்றுப் பிள்ளைக்கு நான் பின்னியது. பிள்ளை தங்காமல் வெறுங்கையோடு வீடு திரும்பிய அன்று அதைத்தான் தேடினேன். “ரெஜினா தூக்கிப் போட்டுட்டா” என்றார் இவர். அன்றிலிருந்து நான் அவளோடு பேசுவதில்லை.

தொப்பியை இருந்த இடத்திலேயே வைத்து மூடிவிட்டேன். இறங்கி வந்தவர் ஸ்டார் எரிகிறதா என்று பார்க்கவில்லை. பெட்டி மூடியிருக்கிறதா என்றுதான் பார்த்தார்.