ஊசி போட்டேன் என்று ஏன் சொன்னாய், மாப்பிள்ளை?

என் தங்கையைக் கட்டி எனக்கு மாப்பிள்ளை ஆவதற்கு முன்பே கூட்டாளியாக இருந்த கோவிந்தனுக்கு,

நாட்டில் எல்லாருடைய கடிகாரத்தையும் அரை மணி முன்னால் தள்ளி வைத்தார்களே, அந்த வருஷத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். சபா, சரவாக் நேரமும் நம் நேரமும் ஒன்றாக இருக்கட்டும் என்று ரேடியோவில் சொன்னார்கள். உனக்கும் சரோஜாவுக்கும் கல்யாணம் ஆகி ஒரு தீபாவளிதான் போயிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத எனக்கு வருஷத்துக்கு நம்பர் இல்லை, இப்படித்தான் அடையாளம். இதையும் நான் சொல்லச் சொல்ல வேறொரு கைதான் எழுதுகிறது. யார் கை என்று கடைசியில் சொல்கிறேன். எழுத்தைப் பார்த்து நீயே கண்டுபிடித்தாலும் பிடிப்பாய்.

போன வாரம் கோலா சிலாங்கூர் டவுனுக்குப் போனேன். பழைய துணிக்கடை இருந்த இடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட ஜிம் ஒன்று வந்திருக்கிறது. உள்ளே ஆட்கள் நின்ற இடத்திலேயே ஓடுகிறார்கள். வாசலில் ஒரு போஸ்டர், அதில் உடம்பை முறுக்கிக்கொண்டு ஒருவன். மேசையில் இருந்த பெண்ணிடம் என்னவென்று கேட்டேன்.

"கட்டழகர் போட்டி அங்கிள். நேச்சுரல். ஊசி, மாத்திர எடுக்காதவங்க மட்டும்தான் சேரலாம்."

"எடுக்கலன்னு எப்படிம்மா தெரியும்?"

"மூத்திரம் டெஸ்ட் பண்ணுவாங்க. சில எடத்துல பொய்யக் கண்டுபிடிக்கிற மெஷின்கூட வெப்பாங்களாம்."

அந்த மெஷினை உன் மேல் மாட்டியிருந்தால் என்ன சொல்லியிருக்கும்? அதை யோசித்துக்கொண்டே பஸ் ஏறினேன். இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது.

கடிகாரம் மாறியதும் புக்கிட் பெலிம்பிங் பக்கத்து நம் ரப்பர் தோட்டத்தில் என்ன ஆயிற்று, நினைவிருக்கிறதா? காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு பழைய மணிக்கே நடந்தது. ஆனால் சூரியன் ரேடியோ கேட்கவில்லை. பெயர் கொடுத்த பிறகும் பாலுக்கு மரம் வெட்ட வெளிச்சம் இல்லாமல் எல்லாரும் இருட்டில் குந்தியிருந்தோம். சிலர் வெற்றிலை போட்டார்கள், சிலர் தூங்கினார்கள். நீ மட்டும் கொட்டகைக்குப் பின்னால் போய், கிடந்த பழைய லோரி அச்சைத் தூக்கி இறக்கினாய்.

"என்னடா கோவிந்து, வேலைக்கு முன்னாடியே ஒரு வேலையா?" என்று நம்மை வேலை வாங்குகிற மண்டோர் கேட்டார்.

"கவர்மெண்டு அர மணி குடுத்திருக்கு மண்டோரே. வீணாக்கக் கூடாதுல்ல."

டவுன் மண்டபத்தில் கட்டழகர் போட்டி என்றும், ஊசி போட்டு ஏற்றிய உடம்பு வேண்டாம், சுத்தமான உடம்புதான் வேண்டும் என்றும் முடிவெட்டுகிற கடையில் கேட்டுவிட்டு வந்திருந்தாய். இதெல்லாம் நமக்கு எதுக்குடா என்றேன். நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"மச்சான், பொறந்ததுலேர்ந்து இந்த ஒடம்ப மண்டோர் பாத்தாரு, ஆபீஸ் கிராணி பாத்தாரு. எத்தன வாளி தூக்கும்னுதான் பாத்தாங்க. ஒரே ஒரு தடவ சும்மா பாக்கட்டுமே."

உனக்கு வேண்டியது அவ்வளவுதான், பரிசுகூட இல்லை. ஒரு தடவை அந்த மேடையில் நிற்க வேண்டும்.

அதற்குத் தடையாக நின்றது உன் வலது தோள். காண்டாக் கம்பின் இரண்டு முனையிலும் பால் வாளியைத் தொங்கவிட்டு வருஷக்கணக்காக அதே தோளில் சுமந்ததில், அந்தப் பக்கம் மட்டும் சதை தடித்துக் கிடந்தது. முடிவெட்டுகிற கடைக் கண்ணாடியில்தான் முதல் முதலாக அதைப் பார்த்தாயாம். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்தால்தான் மார்க்கு என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். மறுநாளே காண்டாவை இடது தோளுக்கு மாற்றினாய். முதல் வாரம் பாலைச் சிந்தினாய், தள்ளாடினாய். "குடிகாரன் மாதிரி நடக்கிறான் பாரு" என்று பெண்கள் சிரித்தார்கள். என்ன ஆச்சரியம் என்றால், போகப் போக அந்தத் தோளும் ஏறி வந்தது. சுமை இடம் மாறினது உடம்புக்கு எப்படித் தெரிகிறது? இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

வீட்டில் சரோஜாவின் கோழிகள் முட்டை இட்டால் அது உனக்கு. கடைசி நாட்களில் சோற்றில் உப்பு கூடாது என்றாய். "உப்பில்லாத சோறு திங்கிற அளவுக்கு எம்மேல என்ன கோவம்?" என்று அவள் அழப் பார்த்தாள்.

அப்போதுதான் நாம் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் கிடந்த பலகையில் இருந்த துருப்பிடித்த ஆணியை மிதித்தாய். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் காலைக் கட்டிவிட்டு, ஜன்னி வராமலிருக்க ஒரு ஊசி போட்டார். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். அதற்குப் பிறகு அந்த ஊசியை நான் மறந்தே போனேன்.

போட்டி நாளன்று தோட்டத்து லோரியில் பாதித் தோட்டம் ஏறி வந்தது. மண்டபத்துக்குப் பின்னால் நீ வரிசையில் நிற்க, நான் எண்ணெய்க் குப்பியும் துண்டுமாகப் பக்கத்தில் நின்றேன். வெள்ளைச் சட்டை போட்ட மலாய்க்காரர் ஒருவர் ஒவ்வொருவரிடமும் மலாயில் கேட்டுக்கொண்டே வந்தார். ஊசி எடுத்ததுண்டா என்பதுதான் கேள்வி. 'தா அடா', அதாவது இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள்.

"மாப்ளே, இல்லன்னு சொல்லிடு" என்றேன்.

நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். அவர் கேட்டார். 'அடா' என்றாய். உண்டு என்று.

அவர் முகம் மாறிவிட்டது. ஓரமாகப் போ என்று கை காட்டினார். அத்தனை மாதப் பாடும் அந்த ஒரு வார்த்தையில் போயிற்று. எனக்கோ மலாய் அரைகுறை. ஆணிக்கு மலாயில் பாக்கு, காலுக்குக் காக்கி, அது தெரியும். நடுவில் என்ன போட வேண்டும் என்பது தெரியவில்லை. "பாக்கு! காக்கி! பாக்கு! காக்கி!" என்று கத்தினேன். வரிசையில் நின்ற நம்மவன் ஒருவன், "என்ன அண்ணே, பாக்கு விக்க வந்தீங்களா?" என்றான்.

நீ சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளங்காலைத் தூக்கிக் காட்டினாய். அவர் குனிந்து தழும்பைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். விழுந்து விழுந்து சிரித்தார். உன் முதுகில் ஒரு தட்டுத் தட்டி வரிசையில் மறுபடி சேர்த்துவிட்டார்.

மேடையில் நீ இரண்டு கையையும் மடக்கி நின்றாய். எல்லாரும் உன்னைச் சும்மா பார்த்தார்கள். பின்னாலிருந்து நம் மண்டோரின் குரல் வந்தது: "ரெண்டு தோளும் ஒண்ணுதான்லா! நான் சாட்சி!"

பரிசு வாங்கியது வேறொருவன். திரும்பும்போது லோரியில் நீதான் சத்தமாகப் பாடிக்கொண்டு வந்தாய்.

இத்தனை வருஷமும் இதை உன்னிடம் கேட்காமலே விட்டேன். அவர் எந்த ஊசியைக் கேட்டார் என்று உனக்குப் புரியாமல் 'உண்டு' என்றாயா? புரிந்தேதான் சொன்னாயா? புரிந்திருந்தால், கைக்கு வந்த மேடையை அப்படித் தூக்கிக் கொடுக்க எப்படி மனசு வந்தது?

இந்த இடத்தில் எழுதுகிற கை நின்றுவிட்டது.

"அண்ணே, அவருக்கு மலாய் உங்கள விட நல்லா வரும்" என்றாள். "தெரிஞ்சுதான் சொன்னாரு. கேட்டா ஆமான்னுதான் சொல்லப் போறேன்னு எங்கிட்ட முதல் நாளே சொல்லிட்டாரு."

"ஏனாம்?"

"நானும் அதான் கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

சிரித்தாள். "அது எனக்குச் சொன்னது. நீங்க மேல சொல்லுங்க, எழுதணும்."

எவ்வளவு கெஞ்சியும் வாய் திறக்கவில்லை மாப்பிள்ளை. விடமாட்டேன். தினமும் சாயங்காலம் போய் உப்பில்லாத சோறு கேட்டு உட்காரப் போகிறேன், அவளாகச் சொல்லும்வரை. அதற்குள் எனக்கு நேரம் வந்துவிட்டால், நேரே உன்னிடமே வந்து கேட்பேன். தயாராக இரு.

மண்டோர் போய்விட்டார். டிரசர் போய்விட்டார். அந்த லோரியில் வந்தவர்களில் இந்த இரண்டு பேரைத் தவிர இங்கே யாரும் மிச்சமில்லை:

சொன்னவன், உன் மச்சான் ராமையா.
எழுதியவள், உன் சரோஜா.